உனாய்சியின் அடைகோழி

உனாய்சி தன் புருஷன் ஊரை விட்டுவிட்டு, அண்ணன் ஊரான வுனிகுராவுக்கு வந்து இறங்கிய அன்று, நான் பஸ் நிற்கிற இடத்தில் லாரிக்கு டயர் மாற்றிக்கொண்டிருந்தேன். பஸ்ஸுக்குள் ஒரே சத்தம். டிரைவர் அவளை இறங்கவிடாமல் கையை நீட்டிக்கொண்டு நின்றான். அவள் கக்கத்தில் ஒரு சாக்குப்பை. பையின் ஓட்டை வழியாக ஒரு சிவப்புக் கோழியின் தலை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"கோழிக்கும் டிக்கெட் எடுக்கணும்."

"மடியில வச்ச பிள்ளைக்கு எவன்யா டிக்கெட் கேப்பான்?"

"அது உன் பிள்ளையா?"

"எனக்கு இருக்கிறது இதான். பிள்ளைன்னு வச்சுக்கோ."

அதற்கு மேல் அவன் கேட்கவில்லை. கையை எடுத்துவிட்டான். அவள் இறங்கி, நான் நடு ரோட்டில் பரப்பி வைத்திருந்த சாமான்களைத் தாண்டி, என்னைப் பார்த்து, "பழைய டயர் தேவையில்லேன்னா எனக்குக் குடு" என்றாள். அதுதான் எங்களுக்குள் முதல் பேச்சு.

ஃபிஜியில் கரும்பு லாரி ஓட்டுகிறவனிடம் பணம் இருக்காது, பழைய டயர் இருக்கும். கொடுத்தேன். அவள் அதன் அடியில் தண்ணீர் இறங்க ஓட்டை போட்டு, என் தோட்டத்துக் காய்ந்த கரும்புச் சோகையை உள்ளே மெத்தை மாதிரி வளைத்து வைத்து, அண்ணன் சேமெசாவின் வீட்டுக்கு அடியில் தள்ளினாள். கட்டைகளின் மேல் தூக்கிக் கட்டிய வீடு அது. அடியில் குனிந்து போனால் நிழல், காய்ந்த மண். ஒரு டயர் இரண்டாகி, இரண்டு ஏழெட்டாகி, ஒவ்வொன்றிலும் ஒரு கோழி உட்கார்ந்திருக்கும் காலமும் வந்தது. கீரி உள்ளே வராமல் சுற்றிலும் எலுமிச்சை முள்ளை அடைத்து வைத்திருந்தாள். இந்த ஊரில் பாம்புத் தொல்லை இல்லை, நரி இல்லை. இருக்கிற ஒரே சனியன் கீரிதான். எந்தப் புண்ணியவானோ கரும்புக் காட்டு எலியைப் பிடிக்கக் கப்பலில் கொண்டுவந்தானாம். அது எலியை விட்டுவிட்டுக் கோழியைப் பிடித்துக்கொண்டது.

புருஷனை ஏன் விட்டு வந்தாள் என்று யாரும் அவளை நேராகக் கேட்டதில்லை. சுற்றிவளைத்துக் கேட்டவர்களுக்கு, "அங்க காத்து சரியில்ல" என்று மட்டும் சொல்வாள். அந்த ஆள் வேறொருத்தியோடு இருக்கிறான் என்பது வேறு வழியாக எங்களுக்குத் தெரியும். பிள்ளை குட்டி இல்லை. அண்ணன் வீட்டில் சாப்பாட்டுப் பாய் விரித்தால் வாசலோரமாக உட்காருவாள். அண்ணி கெலேரா நல்லவள்தான், முகம் சுளித்ததில்லை. ஆனாலும் திரும்பி வந்தவள் திரும்பி வந்தவள்தானே.

அதைக் கோழிகள் மாற்றின. பாதிரியார் வந்தாலும், கரும்பு ஆபீஸ்காரர் வந்தாலும், சாவு வீட்டுக்கு ஆள் வந்தாலும் சேமெசா வீட்டில் குழம்பு கொதிக்கும். சேமெசா விருந்தாளியிடம், "தங்கச்சி கோழி" என்று பெருமையாகச் சொல்வான். அப்போது அவள் பாயின் நடுவில் உட்கார்ந்திருப்பாள். ஒரு தடவை சோகை அள்ள வந்தபோது என்னிடமே சொன்னாள்: "கங்கையா, கோழி இருக்கிற வரைக்கும் நான் இந்த வீட்ல குடித்தனக்காரி. கோழி இல்லேன்னா வந்து தங்கியிருக்கிறவ."

கோழியோடு அவள் பழகுகிற விதத்தைச் சொல்ல வேண்டும். காலையில் தேங்காய் துருவுகிற சத்தம் கேட்டால் போதும், எல்லாம் மாமரத்திலிருந்து தொப்தொப்பென்று குதிக்கும். பால் பிழிந்த சக்கையில் பாதி கோழிக்கு. குஞ்சுகளுக்குக் கரையான் புற்றை உடைத்துப் போடுவாள். அடை வைக்கிற முட்டை ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் கரியால் கோடு இழுப்பாள். கோழி புரட்டுகிறதா என்று கோடு சொல்லிவிடும். சமையல் கொட்டகையின் தகரச் சுவரில் ஒரு ஆணி ஓட்டை உண்டு. அதில் வெயில் ஊசி மாதிரி உள்ளே விழும். முட்டையை அதில் பிடித்துப் பார்த்து, "இது இருக்கு, இது இருக்கு, இது கூமுட்டை" என்று பிரிப்பாள். எனக்கும் ஒரு நாள் காட்டினாள். உள்ளே சிவப்பு நரம்பு, நடுவில் ஒரு புள்ளி துடித்துக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வந்து அன்றைக்கு ஆம்லெட் வேண்டாம் என்றுவிட்டேன்.

பிறகு அந்தப் புயல் வந்தது. சேமெசாவின் கூரையில் பாதி என் கரும்புக் காட்டில் கிடந்தது. ஊர் மாமரங்கள் வேரோடு படுத்துவிட்டன. மரத்தில் அடைந்திருந்த கோழிகள் எங்கே போயின என்று கடலைத்தான் கேட்க வேண்டும். உனாய்சி இரண்டு நாள் சேற்றில் கூப்பிட்டுக்கொண்டே நடந்தாள். கடைசியில் வீட்டடியில் மண் மூடிய ஒரு டயருக்குள்ளிருந்து ஒன்று பதில் சொன்னது. அவள் 'மராமா' என்று கூப்பிடுகிற சிவப்புக் கோழி அது. மராமா என்றால் சீமாட்டி. பஸ்ஸில் வந்த கோழியின் பேத்தியோ கொள்ளுப்பேத்தியோ. இறக்கை முறிந்த ஒரு சேவலும் உயிரோடு இருந்தது. மராமா முட்டையிட ஆரம்பித்துக் கொஞ்ச நாளில் அந்தச் சேவலையும் கீரி கொண்டுபோய்விட்டது.

"போகட்டும்" என்றாள் உனாய்சி. "முட்டைக்குள்ள அவன் இருக்கான். ஒரே ஒரு சேவக்குஞ்சு வந்துட்டா போதும்."

டவுனில் பெட்டியில் விற்கிற வெள்ளைக் குஞ்சு வாங்கலாமே என்று நான் சொன்னேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அது தீவன மூட்டையைப் பாத்துட்டு நிக்கும். கீரி வந்தா வணக்கம் சொல்லும்" என்றாள். அதுவும் உண்மைதான்.

மராமா அடைக்கு உட்கார்ந்தது. ஒரு டஜன் போல முட்டை, எல்லாவற்றிலும் கரிக்கோடு. ஆணி ஓட்டையில் பார்த்தபோது இரண்டு மூன்றுதான் கூமுட்டை. கடைசியாகப் பார்த்த நாளில் முட்டை முழுக்க இருட்டாகிவிட்டது. உள்ளே இடமில்லாமல் குஞ்சு நிறைந்துவிட்டது என்று அர்த்தம். இன்னும் நான்கைந்து நாள்தான் என்றாள். கரித்துண்டைக்கூடத் தூக்கிப்போட்டுவிட்டாள்.

அப்போதுதான் நதோலுக்காரர்கள் படகில் வந்தார்கள்.

வுனிகுராவும் ஆற்றின் மேல்பக்கத்து நதோலுவும் தௌவு ஊர்கள். ஆதியில் இரண்டு ஊருக்கும் ஒரே தெய்வம் என்று சொல்வார்கள்; ஒருத்தரையொருத்தர் கூப்பிடுவதும் தௌவு என்றுதான். அதனால் ஒரு ஊர்க்காரன் இன்னொரு ஊரில் நுழைந்தால் வாய்க்கு வந்தபடி திட்டலாம். கண்ணில் பட்டதைக் கேட்காமல் எடுத்துக்கொண்டு போகலாம். பறிகொடுத்தவன் சிரிக்க வேண்டும். முகம் சுருங்கிவிட்டால் அது அவனுக்கும் அவன் வீட்டுக்கும் கேவலம். எங்கள் இந்திய ஆட்களிடம் ஒருத்தன் இப்படிச் செய்தால் போலீஸ்தான் வரும். இங்கே இதுதான் பாசம்.

புயல் அடித்த ஊருக்குக் கூரை போட்டுக்கொடுக்க, சேப்பங்கிழங்கும் ஆணியும் ரம்பமுமாக வந்து இறங்கினார்கள். முன்னால் வந்தவன் ஓரிசி. தச்சன். மூங்கில் பாலம் அவனைத் தாங்காது என்று ஊரே கிண்டல் செய்கிற வயிறு.

"ஏய் எலிதின்னிகளா! காத்து உங்களைத் தூக்கிட்டுப் போகலையா?" என்று கரையிலிருந்தே கத்தினான்.

"உன் வயித்தைப் பாத்துட்டு வேற பக்கம் திரும்பிடுச்சு தௌவு!" என்று சேமெசா கூரை மேலிருந்து கத்தினான்.

அன்று முழுக்க வேலை செய்தார்கள். தார்ப்பாய் போயிற்று, தகரம் ஏறியது. சாயங்காலம் கிளம்பும்போது ஆளுக்கு ஒன்றைத் தூக்கிக்கொண்டார்கள். ஒருத்தன் சேமெசாவின் கோடாலி, ஒருத்தன் கெலேராவின் பாய். ஓரிசி வெறுங்கையோடு முற்றத்தில் நின்றான். அந்த நேரம் பார்த்து மராமா டயரை விட்டு இறங்கியிருந்தது. அடைகோழி நாளுக்கு ஒரு தடவைதான் இறங்கும். அவசரமாகத் தின்று, குடித்து, மண்ணில் ஒரு புரளல் புரண்டு ஏறிவிடும். அப்போது அது ஆளைக் கண்டு ஓடாது. சிலிர்த்துக்கொண்டு எதிர்த்து நிற்கும். ஓரிசி குனிந்து பூப்பறிப்பது போல அதைத் தூக்கிக்கொண்டான். நதோலு பன்றி வளர்க்கிற ஊர். அவர்களுக்குக் கோழி சட்டியில்தான் பழக்கம்.

கெலேரா சமையல் கொட்டகையிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். தௌவு எடுக்கும்போது வாயைத் திறக்க முடியாது. அகப்பையைப் பிடித்தபடி அவளும் சிரித்திருக்கிறாள்.

உனாய்சி ஆற்றில் மூழ்கிச் சிப்பி எடுத்துவிட்டு ஈரத்தோடு வந்தாள். நான் அங்கே லாரியிலிருந்து மிச்சத் தகரத்தை இறக்கிக்கொண்டிருந்தேன். அவள் குனிந்து வீட்டடியில் பார்த்தாள். நிமிர்ந்தாள்.

"அண்ணி, மராமா எங்க?"

கெலேரா அகப்பையைப் பார்த்தாள். "ஓரிசி… எடுத்துட்டான், உனாய்சி."

கூரையில் இருந்தவர்கள், கீழே இருந்தவர்கள், எல்லாரும் அவள் முகத்தையே பார்த்தார்கள். உனாய்சி சிரித்தாள். பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். "தடியன்! நல்லதாப் பாத்துத்தான் எடுத்திருக்கான்" என்றாள். பிறகு வீட்டுக்கு அடியில் போனாள். போனவள் வரவில்லை. நான் குனிந்து பார்த்தேன். டயருக்குள் இரண்டு கையையும் விட்டுக்கொண்டு, முட்டைகளின் மேல் நெஞ்சை வைத்துக் கவிழ்ந்திருந்தாள். ஈரத்துணி படக்கூடாதென்று சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, நான் சோகை கொண்டுவந்த சாக்கைப் போர்த்தியிருந்தாள்.

"கங்கையா, இன்னும் சூடு இருக்கு" என்று முணுமுணுத்தாள். "லாரிய எடு."

என் லாரி பழசு. என்ஜின் பாதி கேபினுக்குள்ளேயே இருக்கும், மேலே ஒரு தகர மூடி. வெயில் காலத்தில் என் முழங்கால் வெந்துபோகும். அவள் உலர்ந்த துணி மாற்றிக்கொண்டு வந்து, கூடையில் போர்வை சுற்றிய முட்டைகளை அந்த மூடி மேல் வைத்தாள். புறங்கையை வைத்து வைத்துப் பார்த்தாள்.

"சூடு கூடுது. மெதுவாப் போ."

"மெதுவாத்தான் போறேன்."

"குழியில விடாதே!"

"இந்த ரோட்ல குழி இல்லாத இடம் எதுன்னு நீயே சொல்லு."

கூடையை மடிக்கு எடுத்தாள், மறுபடி மூடி மேல் வைத்தாள், மறுபடி மடிக்கு எடுத்தாள். வழியெல்லாம் இதுதான். நதோலு வரும் வரை நான் இரண்டாவது கியரைத் தாண்டவில்லை. பின்னால் வந்த வண்டிக்காரன் என் அம்மாவை இழுத்துத் திட்டிவிட்டுப் போனான்.

ஓரிசி வீட்டில் அடுப்பில் சட்டி கொதித்துக்கொண்டிருந்தது. அதன் வாசனையிலேயே எங்களுக்குத் தெரிந்துபோயிற்று. அவன் பெண்டாட்டி வாசித்தி வாசலில் இறகுக் குவியலுக்குப் பக்கத்தில் முகம் தொங்கிப்போய் உட்கார்ந்திருந்தாள். பறிக்கும்போதுதான் அவள் பார்த்திருக்கிறாள், அடிவயிற்றில் இறகே இல்லாமல் வெறும் தோல். அடைகோழிக்கு மட்டும்தான் அப்படி இருக்கும்.

"அடைகோழின்னு தெரியல, இந்த மூடனுக்குத் தெரியல" என்றாள் வாசித்தி.

ஓரிசி வெளியே வந்தான். உனாய்சியின் கையில் இருந்த கூடையைப் பார்த்தான். பெரிய மனுஷன், கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான். மன்னிப்புக் கேட்கலாம் என்றால் தௌவுகளுக்குள் அப்படி ஒரு வழக்கமே கிடையாது.

உனாய்சிதான் ஆரம்பித்தாள். "என்ன தௌவு, குழம்பு ஆச்சா?"

"ஆ… ஆகுது."

"உப்பு போட்டியா?"

"தௌவு… உனக்கு என்ன வேணுமோ எடுத்துக்கோ. பன்னி எடுத்துக்கோ. ரம்பம் எடுத்துக்கோ. கூரையைப் பிரிச்சுக்கோ."

அவள் வீட்டைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தாள், சந்தையில் சாமான் பார்க்கிறவள் மாதிரி. அப்புறம் அவன் வயிற்றில் விரலால் குத்தினாள்.

"இதை எடுத்துக்கறேன்."

"எதை?"

"இந்த வயித்தை. தாயை நீ சாப்பிட்டாச்சு. இனி நீதான் உக்காரணும்."

அக்கம்பக்கத்தில் கூடியிருந்தவர்கள் வெடித்துச் சிரித்தார்கள். ஓரிசியும் சிரித்தான். அவள் சிரிக்காமல் கூடையை நீட்டிக்கொண்டே நின்றாள். ஒவ்வொருவராகச் சிரிப்பு அடங்கியது. தௌவு எடுத்தால் எடுத்ததுதான்.

"கூட்டிட்டுப் போ" என்றாள் வாசித்தி. "எனக்குச் சோறாவது மிச்சம்."

திரும்பி வரும்போது என்ஜின் மூடியில் எதுவும் இல்லை. ஓரிசி சட்டையைத் தூக்கி, போர்வையை மடித்து, முட்டைகளை வயிற்று மடிப்பில் வைத்துக் கட்டிக்கொண்டு என் பக்கத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தான். ஒவ்வொரு குழிக்கும் கண்ணை இறுக்கி மூடினான்.

சேமெசா வீட்டின் முன்னறையில் கம்பத்தில் சாய்ந்து அவன் உட்கார்ந்ததுதான், வுனிகுரா முழுக்கத் திருவிழா ஆகிவிட்டது. ஒருத்தன் தேங்காய்ச் சக்கையைக் கொண்டுவந்து அவன் முன்னால் போட்டான். ஒருத்தி, "முட்டையிடும்போது சொல்லு தௌவு, கூடை கொண்டு வர்றேன்" என்றாள். கிழவன் ஒருத்தன் வந்து அவன் தலையைத் தடவிக் கொண்டை முளைக்கிறதா என்று பார்த்தான். ஓரிசியும் சளைக்கவில்லை, கொக்கரித்துக் காட்டினான். சேமெசா ஏதோ சொல்ல, ஓரிசி வயிறு குலுங்கக் குலுங்கச் சிரித்தான்.

நொறுக்கென்று ஒரு சத்தம்.

எல்லாரும் நிறுத்திவிட்டார்கள். உனாய்சி போர்வையை விலக்கினாள். ஒரு முட்டை உடைந்திருந்தது. உள்ளே குஞ்சு. ஈரமாக, முழுசாக, கண் மூடி, தலையை இறக்கைக்கு அடியில் வைத்தபடி. ஓரிசியின் உள்ளங்கையில் அது ஒரே ஒரு தடவை காலை நீட்டியது. அவ்வளவுதான்.

அவள் அதை ஒரு இலையில் வாங்கிக்கொண்டாள். யாரையும் திட்டவில்லை. "இனிமே இந்த வீட்ல யாரும் சிரிக்கக் கூடாது" என்று மட்டும் சொன்னாள்.

தௌவுகள் இரண்டு பேர் ஒரே அறையில் வாய் பேசாமல் உட்கார்ந்திருப்பதை அந்த ஊர் அதற்கு முன் பார்த்ததில்லை. யங்கோனா வேர்ச்சாறு குடிக்க வந்தவர்கள் கிண்ணத்தை மெதுவாக வைத்துவிட்டு மெதுவாகப் போனார்கள். அவன் தூங்க வேண்டும் என்றால் முட்டைகளை அவள் தன் வயிற்றில் கட்டிக்கொள்வாள். முழித்ததும் அவனே கையை நீட்டுவான். கோடு மேலே வரும், கீழே போகும். அவன் விரல் ஒவ்வொன்றும் கரும்புத் தடி மாதிரி; ஆனால் முட்டையைத் திருப்பும்போது பார்க்க வேண்டும். நான் சோகை கொடுக்கிற சாக்கில் தினமும் போனேன். ஒரு நாள் அவன் குனிந்து ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தான். ஜெபம் என்று நினைத்தேன். இல்லை. "வீடு கட்டித் தர்றேன்டா, நல்ல வீடு, கீரி வராத வீடு" என்று வயிற்றிடம் சொல்லிக்கொண்டிருந்தான்.

கடைசி நாளில் நான் உள்ளே நுழைந்தபோது அவன் கையைத் தூக்கி என்னை அப்படியே நிறுத்தினான்.

"உனாய்சி" என்றான். தௌவு என்று கூப்பிடவில்லை. "இங்க வா. உள்ள யாரோ கூப்பிடறாங்க."

அவள் காதை வைத்தாள். ஓட்டுக்குள்ளிருந்து ஊசி முனை மாதிரி ஒரு சத்தம். அவள் வாயால் அடைகோழி மாதிரியே தாழ்ந்த குரலில் பதில் சொன்னாள். அப்புறம் இன்னொரு முட்டை. வெதுவெதுப்பான தண்ணீரை விரலால் தெளித்தாள். அன்று பொழுது சாய்வதற்குள் ஐந்து குஞ்சுகள். மற்றவையெல்லாம் வழியிலேயே குளிரில் போயிருந்தன போலிருக்கிறது. அந்த ஐந்தையும் அவள் ஒவ்வொன்றாக எடுத்து முகத்தோடு வைத்துக்கொண்டாள். ஓரிசி கம்பத்தில் சாய்ந்தபடி அழுதான். அதைப் பார்த்தும் யாரும் கிண்டல் செய்யவில்லை. சிரிக்க அவளிடமிருந்து அனுமதி இன்னும் வரவில்லையே.

ஆனால் அடுத்த நாள்தான் தொந்தரவு. ஓரிசி எழுந்து வெளியே போனான். ஐந்து குஞ்சுகளும் கத்திக்கொண்டு அவன் குதிகாலுக்குப் பின்னால் ஓடின. உனாய்சி உட்கார்ந்து கூப்பிட்டாள், குருணை போட்டாள், கரையான் போட்டாள். ஒன்றும் திரும்பிப் பார்க்கவில்லை. அவன் குரலைத்தானே ஓட்டுக்குள்ளிருந்தே கேட்டுக்கொண்டிருந்தன.

"தௌவு" என்றாள் அவள். முகத்தில் சிரிப்பு இருந்தது, குரலில் இல்லை. "உனக்குப் பிடிச்சிருந்தா எடுத்துட்டுப் போகலாம். உன் முறை."

ஊரே நின்று பார்த்தது. அவன் எடுத்திருந்தால் அவள் மறுபடி சிரித்துத்தான் ஆக வேண்டும். ஓரிசி காலடியில் நின்ற குஞ்சுகளைப் பார்த்தான். சட்டையைக் கழற்றி அவளிடம் நீட்டினான்.

"இதைப் போட்டுக்கோ. என் நாத்தம் இருக்கும். அதுங்க உன்கிட்ட வர்ற வரைக்கும் நான் போகல. கூண்டு கட்டணும்."

அவள் அந்தக் கூடாரம் மாதிரி சட்டையைப் போட்டுக்கொண்டு திரிந்தாள். அவன் புயலில் விழுந்த மாமரத்தை அறுத்து, வீட்டடியில் கீரி நுழைய முடியாத கூண்டு கட்டினான். குஞ்சுகள் முதலில் அவன் பின்னால் ஓடின, பிறகு சட்டையின் பின்னால், பிறகு சட்டை இல்லாமலே அவள் பின்னால். ஓரிசி ஒரு நாள் காலையில் சொல்லாமல் படகேறிப் போய்விட்டான். சட்டையைக் கேட்கவில்லை.

நான்கு பெட்டை, ஒன்று சேவல். கொண்டை சிவந்து அது முதல் தடவை தொண்டை கிழியக் கூவிய அன்று, சேமெசா வீட்டில் காரணமே இல்லாமல் எல்லாருக்கும் தேங்காய்ப்பால் போட்டு மீன் சமைத்தாள் கெலேரா. உனாய்சி பாயின் நடுவில் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன்.

அதற்கு அடுத்த வருஷம் நதோலுக்காரர்கள் ஒரு கல்யாணத்துக்கு வந்தார்கள். முற்றம் முழுக்கக் கோழியும் குஞ்சும். கிளம்பும்போது ஆளுக்கு ஒன்றைத் தூக்கினார்கள். ஓரிசி மட்டும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கோழிகள் பக்கமே பார்க்காமல் படகுக்கு நடந்தான்.

"ஏய் வயிறு!" உனாய்சி வாசலிலிருந்து கத்தினாள். "எங்க போற வெறுங்கையோட?"

"ஒண்ணும் வேணாம் தௌவு."

"வேணாமா? ஏன், என்கிட்ட எடுக்கிற மாதிரி ஒண்ணும் இல்லையா? நான் என்ன பிச்சைக்காரியா? தங்கியிருக்கிறவளா?"

நதோலுக்காரர்கள் சிரித்தார்கள். அவள் முற்றத்தில் இறங்கி, ஒரு இளஞ்சேவலை ஒரே பாய்ச்சலில் பிடித்து, கரைக்குப் போய் அவன் கக்கத்தில் திணித்தாள்.

"இது உன் பேரன். குழம்பு வச்சா வயித்தைக் கிழிச்சுடுவேன்."

ஓரிசி படகில் ஏறி உட்கார்ந்தான். பழைய பெட்டைகள் நான்கும் அவன் குரலைக் கேட்டுக் கரை வரை ஓடிவந்து, தண்ணீரைக் கண்டு நின்றுவிட்டன. படகு திரும்புகிற வரை அவன் அவற்றைப் பார்த்து நாக்கைத் தட்டிக் கொக்கரித்துக்கொண்டே போனான். கரையிலிருந்து உனாய்சி அவனை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தாள். அவ்வளவு சந்தோஷமாக ஒருத்தி திட்டி நான் கேட்டதில்லை.